மறு: தரவிழைப்பைத் திரும்பப் பெறுகிறேன், "இணக்கம்" சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

பலபேர் எடுத்த சூழலியல் தரவுகளைப் பொருத்தி ஒன்றாக்கும் வேலைக்குப் போன கிழமை நான் முன்வைத்த "தரவிழைப்பு" என்ற சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன். களப் பயிற்சிக்கு இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்று அடித்தோம். தட்டச்சில் ஓர் ஐகாரக் குறி விடுபட்டு, "தரவிழப்பு: எப்படிச் செய்வது?" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வந்துவிட்டது. பிழை பார்த்தது நான்தான், ஆகவே ஆரையும் ஏச ஏலாது. அதை வாங்கிப் பார்த்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "தம்பி, இதுக்கும் பயிற்சி வேணுமோ? எங்களுக்கு அது தானா வருமே" என்றார். ஒரு குறி தவறினால் எதிர்ப்பொருள் தரும் சொல்லைக் கலைச்சொல்லாக வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தச் சொல் எனக்கு ஏன் பிடித்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மம்மா பனையோலைப் பெட்டி இழைக்கும்போது முதலில் சார்வோலையை ஒரே அகலத்துக்கு வார்ந்து வைப்பா. இழைக்கிறதைவிட வார்கிறதுக்குத்தான் நேரம் கூடப் போகும். ஓர் ஓலை அரை விரல், அடுத்தது ஒரு விரல் என்றிருந்தால் பெட்டி கோணும். பலபேர் பல இடத்தில் எடுத்த சூழலியல் தரவுகளை ஒன்றாக்குவதும் அப்படித்தான், ஒட்டுவது கடைசி வேலை, வார்வதுதான் முழு வேலை. ஆனால் ரீச்சர் எழுதியிருந்தாவே, "இழைத்தல் என்றதும் எனக்கு அநீதி இழைத்தலும் துரோகம் இழைத்தலும்தான் ஞாபகம் வருது" என்று, அதுவும் நியாயம்.

சென்னையிலிருந்து எழுதிய அண்ணா "ஒருங்கிணைப்பு" இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தார். அண்ணா, இங்கே யாழ்ப்பாணத்தில் ஒருங்கிணைப்பு என்றால் கூட்டம். ஒருங்கிணைப்புக் குழு, ஒருங்கிணைப்பாளர், தேநீர் வடை. "தரவு ஒருங்கிணைப்பு" என்று எழுதினால் பிள்ளைகள் யாரோ ஒருவர் தொலைபேசி எடுத்து ஆட்களைக் கூப்பிடும் வேலை என்றே விளங்குகிறார்கள். கோப்பு, கோவை இரண்டும் அழகான சொற்கள், கோர்ப்பது என்ற பொருளும் பொருந்தும், ஆனால் கோப்பு உங்கள் பக்கத்திலும் கோவை எங்கள் பக்கத்திலும் ஏற்கனவே ஃபைலுக்குப் போய்விட்டன. "ஒத்திசைவு" கைப்பேசியில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

சரி, சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். என் மேசையில் இப்போது மூன்று பறவைக் கணக்குகள் கிடக்கின்றன. ஒன்று அந்த வாத்தியாரின் கெட்டி மட்டைக் கொப்பி, மற்றது ஒரு மாணவியின் எக்செல் தாள், மூன்றாவது அராலிப் பக்கம் கடலேரியில் தொழில் செய்யும் ஐயா சொல்லச்சொல்ல நான் எழுதியது.

கொப்பியில் "கார்த்திகை 3, வல்லை, பூநாரை ஒரு பெருங்கூட்டம்" என்றிருக்கிறது. எங்கள் ஆட்கள் நவம்பரையும் கார்த்திகை என்றுதான் சொல்லுவார்கள், பஞ்சாங்கக் கார்த்திகையோ நவம்பர் நடுவில்தான் பிறக்கும். ஆகவே இது நவம்பர் 3 ஆகவும் இருக்கலாம், 18, 19 ஆகவும் இருக்கலாம். மாரி மழை கொட்டுகிற காலத்தில் இரண்டு கிழமை என்பது சின்ன வித்தியாசம் இல்லை, வல்லைவெளி காய்ந்து கிடந்ததா நிரம்பி நின்றதா என்பதே மாறிவிடும். எக்செல் தாளில் "தொண்டைமானாறு" என்று கடலேரியின் பெயர் மட்டும் இருப்பது அதே வல்லைவெளியாக இருக்கலாம், தடுப்பணைப் பக்கமாகவும் இருக்கலாம். ஐயா ஆழத்தை "முழங்கால் தண்ணி", "இடுப்புத் தண்ணி" என்றே சொல்லுகிறார். கடலேரியில் நடந்து தொழில் செய்கிற ஆளுக்கு அதைவிடத் திறமான அளவுகோல் கிடையாது, ஆனால் யாருடைய முழங்கால்?

பெயர்ச் சிக்கல் இன்னும் விசேஷம். ஒருவர் சங்குவளை நாரை என்கிறார், மற்றவர் மஞ்சள்மூக்கு நாரை என்கிறார், இரண்டும் ஒன்றுதான். அறிவியற்பெயர் போட்டால் தீர்ந்தது என்று நினைக்காதையுங்கோ. எங்கள் பூநாரையை முன்பு ஃபீனிகொப்டெரஸ் ரூபர் என்ற இனத்தின் உட்பிரிவாக வைத்திருந்தார்கள். பிறகு பிரித்து ஃபீனிகொப்டெரஸ் ரோசியஸ் ஆக்கினார்கள், ரூபர் என்ற பெயர் கரீபியன் பக்கத்துப் பறவைக்கு மட்டும் என்றாகிவிட்டது. பழைய பதிவை அப்படியே ஏற்றினால் மண்டைதீவில் கரீபியன் பூநாரை மேய்ந்ததாகக் கணினி அடித்துச் சொல்லும்!

இதையெல்லாம் ஒரு நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்குத்தான் சொல் வேண்டும். என் புது முன்மொழிவு: இணக்கு. தரவை இணக்குதல், தரவிணக்கம், இணங்கும் தரவு. இணங்கு, இணக்கு என்று தன்வினை பிறவினை இரண்டும் கைவசம் இருக்கிறது. தானாகப் பொருந்துகிற தரவு இணங்கும் தரவு, பொருந்தாததை நாங்கள் இணக்குகிறோம், இணக்கிய பிறகு இணைக்கிறோம். தரவைப் பகிர்வதற்கென்று 2016இல் வந்த ஃபெயார் (FAIR) கொள்கைகளில் கண்டுபிடிக்க, எடுக்க, இணங்க, திரும்பப் பாவிக்க என்று நாலு இருக்கின்றன. மூன்றாவதற்கு (interoperability) "இயங்கு" என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்குச் சொல் செய்துகொண்டு திரிகிறோம், "இணங்குதன்மை" என்றால் முடிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். எங்கள் ஊரில் இணக்கசபை தெரியாத ஆள் இல்லை. வேலிக் கதியால் அரை அடி தள்ளி நட்டதற்கு இரண்டு வீட்டுக்காரரும் போய் இருக்கிற இடம். அங்கே ஒருவருடைய கதையை அழித்துவிட்டு மற்றவருடையதை எழுதுவதில்லை, இரண்டு பேருடைய கதையையும் கேட்டுத்தான் பொதுவில் ஒன்றுக்கு வருவார்கள். தரவிலும் அதுதான் முறை. உயிரினப் பதிவுகளுக்கு 2009இல் பொதுத் தரநிலையாக ஏற்கப்பட்ட டார்வின் கோரில் (Darwin Core), ஆழத்தை மீற்றரில் எழுத ஒரு நிரல் (column), சொன்னவர் சொன்னபடியே எழுத இன்னொரு நிரல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். திகதிக்கும் இடத்துக்கும்கூட அப்படித்தான். ஆகவே ஐயாவின் "முழங்கால் தண்ணி" போகாது, மீற்றர்க் கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். நாளைக்கு நான் மாற்றின கணக்குப் பிழை என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தால், திரும்பிப் போக வழி இருக்கவேண்டும் அல்லவா.

இணக்கம் என்றால் மற்றவனுக்குத் தலையாட்டுவது போல இல்லையா என்று அண்ணா கேட்பார் என்று தெரியும். கொஞ்சம் அப்படித்தான். சொல் நிற்குமா என்பதும் எங்கள் கையில் இல்லை. மானிப்பாயில் இருந்து தமிழில் மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியர் 1875இல் "கெமிஸ்தம்" என்று புத்தகமே போட்டார், நாங்கள் இரசாயனவியல் படித்தோம், நீங்கள் வேதியியல் படித்தீர்கள். எங்கள் சூழற்றொகுதி உங்களுக்குச் சூழல் மண்டலம். இந்தச் சொல்லிலாவது இரண்டு கரையும் இணங்கினால் சந்தோஷம், இல்லாவிட்டால் அட்டவணையில் இரண்டையும் போடுவோம், நிரலுக்கா பஞ்சம்.

அப்புறம் ரீச்சர், உங்களிடம் ஒரு சொல் கடன். மாணவியின் தாளில் பாதிப் பெட்டிகள் வெறுமை. கேட்டால் "காணேல்லை" என்கிறா. போய்த் தேடியும் பறவை இல்லையா, அல்லது அன்றைக்குப் போகவே இல்லையா என்றால், சிலது அப்படி, சிலது இப்படி, எது எது என்று இப்போது ஞாபகம் இல்லையாம். முதலாவது தரவு, சுழியம் போடலாம். இரண்டாவது ஒன்றுமே இல்லை. இதை வேறுபடுத்தாமல் எவ்வளவு இணக்கினாலும், பறவை குறைந்துவிட்டது என்று ஒருவர் கட்டுரை எழுதுவார், குறைந்தது நாங்கள் போன நாட்கள்தான். டார்வின் கோரில் இருந்தது, இல்லை என்று குறிக்க ஒரு நிரல் உண்டு, அதன் தலைப்புக்கு "இருப்புநிலை" என்று போட்டுப் பார்த்தேன், கடைக்காரரின் சரக்குக் கணக்கு மாதிரி இருக்கிறது. "தேடியும் காணாதது" என்ற பொருளை ஒரே சொல்லில் தரமுடியுமா? புதன்கிழமைக்கு முன் கிடைத்தால் துண்டுப்பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிடுவேன், இந்தமுறை நீங்களே ஒருக்கால் பிழை பார்த்துத் தாங்கோ.