பையில் வைத்துக் கொண்டுபோக மெல்லிய மிடி கீபோட் எது நல்லம்?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். லப்டொப்பில் மெட்டுப் போடுவதுதான் என் வேலை. இருக்கிற 61 கட்டைக் கீபோட்டைத் தூக்கிக்கொண்டு பருத்தித்துறை பஸ்ஸில் ஏற ஏலாது. லப்டொப்போடு ஒரே பையில் செருகக்கூடிய, புளூடூத்தில் வேலை செய்கிற மிடி கீபோட் (எந்தக் கட்டையை அமுக்கினோம் என்பதை லப்டொப்புக்குத் தெரிவிக்கும் கருவி) ஒன்று வேண்டும்.

இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். கோர்க் மைக்ரோகீ ஏர் இரண்டு டபுள் ஏ பற்றரியில் ஓடும், பெட்டிக்கடையிலும் வாங்கலாம். ஆனால் கட்டைகள் சிறியவை. சிஎம்இ எக்ஸ்கீ ஏரில் கட்டை முழு அகலம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆஃப்டர்டச் (அமுக்கிய கட்டையை மேலும் அழுத்தி ஒலியை மாற்றும் வசதி) உண்டு. அமுங்கும் ஆழம்தான் மிகக் குறைவு.

எனக்கு முக்கியம் கமகம், அதாவது சுரத்தை அசைப்பது. தோடி ராகத்தில் காந்தாரம் அசையாமல் நின்றால் அது தோடியே இல்லை. சுருதியை வளைக்க (பிட்ச் பெண்ட்) கோர்க்கின் 25 கட்டையில் ஜாய்ஸ்டிக், எக்ஸ்கீயில் பட்டன். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப அந்தப் பட்டனில் சுருதி வழுக்கிப் போகுமா, டக்கென்று தாவுமா? பாவித்தவர்கள் சொல்லுங்கோ.

அப்புறம், விண்டோஸில் சில மென்பொருள்கள் புளூடூத் மிடியை நேரடியாக எடுப்பதில்லை. ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் நீங்கள் எப்படி இணைத்தீர்கள்? மிருதங்கச் சொற்களை வேகமாக வாசிக்கும்போது தாமதம் தெரிகிறதா? கொழும்பில் தொட்டுப் பார்த்து வாங்கக்கூடிய கடை தெரிந்தாலும் சொல்லுங்கோ.