"கடனை அடைக்கத்தான் நர்ஸிங்" என்று பிள்ளை சொன்னது தப்பா?

கோமதிமாமா:
அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. நர்ஸிங் சேர ஒரு தனியார் கல்லூரிக்குப் போயிருந்தோம். நேர்காணலில் "ஏம்மா நர்ஸிங்?" என்று கேட்டிருக்கிறார்கள். "நாலு வருஷத்துல வேலை. வெளிநாடு போனா வீட்டுக் கடனை அடைச்சுடலாம்" என்றாளாம். கேட்ட மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும் அக்கா பிடிபிடி என்று பிடித்துவிட்டாள்: "சேவைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" எனக்கென்னவோ பிள்ளை சொன்னதில் தப்புத் தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைச்சேலை:
தப்பு என்று சொல்ல மாட்டேன், போதாது என்பேன். அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டாமலே சார்ட்டில் டிக் அடித்துவிட்டால் டாக்டருக்குத் தெரியாது, சூப்பிரண்டுக்குத் தெரியாது. நாலாம் நாள் முதுகில் படுக்கைப் புண் வந்து காட்டிக்கொடுத்துவிடும். யாரும் பார்க்காத ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து புரட்டுகிறவளைச் சம்பளம் எழுப்பிவிடாது. அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று இருக்க வேண்டும். கடனை அடைக்க வந்த எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். பாதிப் பேர் சார்ட்டில்தான் கெட்டிக்காரிகள்.

ஐசியூ_ஆந்தை:
அக்கா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் "உள்ளே ஏதோ ஒன்று" என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள். 2015இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி ஆயிரக்கணக்கில் அரசு வேலைக்குச் சேர்ந்தார்களே, மாதம் எவ்வளவு? தொகுப்பூதியம், அதாவது படிகள் எதுவும் இல்லாத மொத்தச் சம்பளம், 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு. அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில், மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் போய்ப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். உடனே "நோயாளியை விட்டுட்டு வரலாமா, இது சேவையில்லையா" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மின்வாரிய ஊழியர் போராடினால் யாராவது சேவை பற்றிப் பேசுகிறார்களா?

அப்புறம் அந்த இரண்டு மணி நேரக் கணக்கு. ஒருவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். முப்பது கட்டிலுக்கு நைட்டில் ஒரே ஒருத்தி. அவள் யாரை எப்படிப் புரட்டுவாள்? ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது வழக்கம். நான் முன்பு இருந்த இடத்தில் வென்டிலேட்டரோடு மூன்று பேரை ஒற்றை ஆளாகப் பார்த்த இரவுகள் உண்டு. அங்கே டிக் அடித்தவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேருமே மாமாவின் கேள்வியை விட்டுவிட்டீர்கள். பிள்ளை பணத்துக்காக என்கிறாள். அப்படியானால் பணத்தைத்தான் பார்க்க வேண்டும். தனியார் கல்லூரியில் நாலு வருடக் கட்டணம், விடுதி, எல்லாம் கடன். முடித்ததும் உள்ளூர் நர்ஸிங் ஹோமில் என்ன தருவார்கள்? உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையில்கூட 20,000 கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளாவில் நர்ஸ்கள் போராடி 2018இல் அதை வாங்கினார்கள். நம் பக்கம் தெருமுனை ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் விசாரித்துப் பாருங்கள்.

வெளிநாடு மட்டும் சும்மாவா? இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போனபின் செய்முறைத் தேர்வு. ஜெர்மனி என்றால் பி2 நிலை வரை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசுகிற அளவுக்கு, ஜெர்மன் படிக்க வேண்டும். வளைகுடாவுக்கு அனுபவச் சான்று, பிராமெட்ரிக் என்கிற கணினித் தேர்வு. நடுவில் ஏஜென்ட். 2015இல் மத்திய அரசு, 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு முகமைகள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று விதி போட்டதே, காரணம் இல்லாமலா? அதற்கு முந்தின வருடம்தான் ஈராக்கில் திக்ரித் நகரச் சண்டையில் மாட்டிக்கொண்ட 46 நர்ஸ்களை மீட்டுக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பலர் ஊரில் கடனை வைத்துவிட்டுப் போனவர்கள். கடனை அடைக்க இது குறுக்குவழி இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

பிரதர்_சிஸ்டர்:
நான் ஆண் நர்ஸ். வார்டில் பாதிப் பேர் என்னையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருடம் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆள் என்று நினைத்தார்கள், அது வேறு கதை. சேவையும் தெரியாது, சம்பளமும் தெரியாது. எம்.பி.பி.எஸ். எட்டவில்லை, நர்ஸிங்குக்கு இங்கே நீட் இல்லை, பிளஸ் டூ மார்க்கில் கவுன்சலிங்கில் இடம் வந்தது, சேர்ந்துவிட்டேன். ஓடிவிடலாம் என்று பலமுறை தோன்றியது.

ஒரு நாள் எண்பது வயதுப் பாட்டி. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போய், டிரிப் ஏற்ற வேண்டிய வெயின் (ரத்தக் குழாய்) நூல் மாதிரி, தொட்டால் நழுவுகிறது. ரெண்டு பேர் குத்திப் பார்த்துக் கைவிட்டார்கள். நான் வெந்நீர்த் துணியைக் கையில் சுற்றி, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, அஞ்சு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தேன். கண்ணால் தேடவில்லை, விரலால்தான் தேடினேன். மஞ்சள் கேனுலா (டிரிப் ஏற்றுகிற மெல்லிய குழாய் ஊசி), 24 நம்பர். உள்ளே சிவப்பு ஏறியதும் பாட்டி "முடிஞ்சுதாய்யா?" என்றார். வலித்ததுகூடத் தெரியவில்லையாம். அன்றைக்கு ஓடுகிற யோசனையை விட்டேன். வந்த காரணம் வேறு, இருக்கிற காரணம் வேறு. நேர்காணலில் முதல் காரணத்தைத்தானே கேட்க முடியும்?

வெள்ளைச்சேலை:
தம்பி, அந்த அஞ்சு நிமிடம் உட்கார்ந்தீர்கள் பாருங்கள், அதைத்தான் நான் "உள்ளே ஏதோ ஒன்று" என்றேன்.

ஐசியூ_ஆந்தை:
அது கைப்பக்குவம் அக்கா. கொத்தனாருக்கும் உண்டு. அவர் கூலியை யாரும் பேரம் பேசி "சேவை" ஆக்குவதில்லை. இன்னொன்று, தம்பிக்கு அஞ்சு நிமிடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்காது.

குறிஞ்சிப்பூ_62:
யாரும் சொல்லாத ஒரு காரணம். நான் 80களில் அரசு நர்ஸிங் ஸ்கூலில் சேர்ந்தது வீட்டை விட்டு வெளியே வரத்தான். ஹாஸ்டல் உண்டு, ஸ்டைபெண்டும் உண்டு. அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம். பத்தொன்பது வயதில் பண்ணவிருந்த கல்யாணம் தள்ளிப்போனது. "கண்டவனைத் தொடுற வேலை, மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்" என்று பாட்டி ஒப்பாரியே வைத்தாள். வேலூரில் அமெரிக்க டாக்டரம்மா ஐடா ஸ்கடர் 1909இல் நர்ஸிங் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து ஓடிவருகிற பேச்சு அது. பிறகு என் சம்பளத்தில்தான் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. சேவையா, சம்பளமா என்று கேட்டால் எனக்கு ரெண்டிலும் டிக் இல்லை. எனக்கென்று ஒரு சாவி கிடைத்தது.

கணக்குப்பிள்ளை:
இது என் கணக்கில் வராத வரவு. ஒத்துக்கொள்கிறேன். கட்டண விஷயத்தில் மாற்றமில்லை. அரசுக் கல்லூரிக் கவுன்சலிங் முடியும்வரை தனியாரில் பணம் கட்டாதீர்கள், மாமா.

கோமதிமாமா:
எல்லாருக்கும் நன்றி. கவுன்சலிங்குக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறது. இதற்கிடையில் இன்று காலை அந்தத் தனியார் கல்லூரியிலிருந்து போன். முகம் சுருக்கிய அதே மேடம்தான். பட்டியலில் பெயர் இருக்கிறதாம், ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரச் சொன்னார். மருமகள் "சேவைன்னு சொல்லாமலே குடுத்துட்டாங்க" என்று அக்காவிடம் வம்பிழுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஐசியூ_ஆந்தை:
ஒரிஜினலைக் கொடுத்தால் கையோடு ரசீது வாங்குங்கள். ரசீது தராவிட்டால் கொடுக்காதீர்கள்.

வெள்ளைச்சேலை:
எங்கே சேர்ந்தாலும் சரி, ஷூவை மட்டும் சாயங்காலத்தில் போய் வாங்கச் சொல்லுங்கள். அப்போதுதான் கால் வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும்.