லாம்டா தன்னையே அழைக்க வேண்டும்: சி பிளஸ் பிளஸ் 17-இல் நல்ல வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. ஃபோல்டர் மரம் ஒன்றைக் கடைசிக் கிளை வரை அலசும் நிரல் எழுதுகிறேன். ஒரே இடத்தில் தேவைப்படுவதால் லாம்டாவாகவே, அதாவது அங்கேயே எழுதும் பெயரில்லாத ஃபங்ஷனாகவே, வைக்க ஆசை. ஆனால் ஆட்டோ (டைப்பைக் கம்பைலரே கண்டுபிடிக்கச் சொல்லும் சொல்) போட்டுப் பெயர் வைத்து, உள்ளே அதே பெயரை அழைத்தால், டைப் இன்னும் முடிவாகவில்லை என்று கம்பைலர் நிறுத்திவிடுகிறது.

ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஃபங்ஷன் டைப்பில் போட்டால் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு அழைப்பும் சுற்றிப் போவதால் இன்லைன் ஆவது, அதாவது அழைப்புக்குப் பதிலாகக் கோடே அந்த இடத்தில் பதிவது, கடினம். சரி என்று லாம்டாவுக்கு அந்த லாம்டாவையே முதல் ஆர்குமெண்டாகக் கொடுத்தேன். வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் அதைத் திரும்பத் திரும்ப எழுதுவது கண்ணை உறுத்துகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷன் எக்ஸ்பிரஷனுக்கு, உள்ளே மட்டும் தெரியும் பெயர் வைக்கலாம். எர்லாங்கிலும் 2014-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. எவ்வளவு நேர்த்தி! சி பிளஸ் பிளஸ் 23-இல், லாம்டாவையே குறிக்கும் திஸ் பாராமீட்டரை வெளிப்படையாக எழுதி இதைச் சாதிக்கலாம். ஆனால் எங்கள் கம்பைலர் சி பிளஸ் பிளஸ் 17-ஐத் தாண்டாது.

ஒய் காம்பினேட்டர் (பெயரில்லாத ஃபங்ஷன் தன்னையே அழைக்க உதவும் உத்தி) மாதிரி ஒரு ரேப்பரைப் பெரிய புராஜெக்டில் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? வேகம் குறைந்ததா? எரர் மெசேஜ் படிக்கும்படி இருந்ததா? கோட் துண்டு இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.