உடைந்த போனில் மாட்டிக்கொண்ட ஐரோப்பிய ரயில் பாஸ்

வணக்கம். ஒரு மாதத்துக்குள் ஏதாவது 7 நாள் பயணம் செய்யும் இரண்டாம் வகுப்பு மொபைல் பாஸ். 3 நாள் போய்விட்டது, 4 மீதி. இப்போது பாரிஸில் இருக்கிறேன். நேற்றிரவு போன் கீழே விழுந்து திரை முழுக்கக் கறுத்துவிட்டது. அழைத்தால் அதிர்கிறது, உயிர் இருக்கிறது. தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. பாஸ் அதற்குள்தான்.

புதிய போனில் பாஸுக்கான செயலியை இறக்கி, பாஸ் எண்ணையும் கடைசிப் பெயரையும் போட்டேன். "வேறு கருவியில் ஏற்கெனவே உள்ளது" என்று வருகிறது. நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் ஏறியிருக்கிறது என்ற குழப்பம் உண்டே, அதனால் இரண்டு பெயரையும் போட்டுப் பார்த்தேன். பலனில்லை. பேக்கப்பிலிருந்து மீட்டால் செயலி வருகிறது, பாஸ் வரவில்லை. டைப்-சி கேபிளில் டிவியோடு இணைத்தேன். இந்த மாடலில் படம் வெளியே வராதாம். ஸ்டேஷன் கவுன்ட்டரில், பாஸ் கொடுத்தவர்கள்தான் விடுவிக்க வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு நேற்றிரவே எழுதினேன், பதில் இல்லை.

நாளை காலை இங்குள்ள கார் து லியோன் ஸ்டேஷனிலிருந்து சூரிச்சுக்கு டிஜிவி அதிவேக ரயில். இருக்கை முன்பதிவு பிடிஎஃப்பாக மெயிலில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பாஸின் கியூஆர் இல்லாமல் அது செல்லாது. அந்த கியூஆரோ, பயணத்தைச் செயலியில் சேர்த்து அன்றைய நாளைத் தொடங்கினால்தான் வரும். பாஸ் வாங்கிய ரசீதும் பாஸ்போர்ட்டும் கையில் உண்டு.

பழைய போனைத் திறக்காமலேயே பாஸை அதிலிருந்து விடுவித்து, நாளை காலைக்குள் புதிய போனில் ஏற்ற வழி இருக்கிறதா?