வங்கி தருவதாகச் சொன்ன கடனும் எங்களால் கட்ட முடிந்த கடனும்

விலை ஏறிக்கிடக்கும் இடத்தில் வீடு வாங்கியவர்கள், வாங்கப் பார்த்துக் கைவிட்டவர்கள், வேண்டாம் என்றே முடிவெடுத்தவர்கள், எல்லோரும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் எங்கள் கதையைச் சொல்கிறேன்.

நானும் மனைவியும் முதல் தடவை வங்கிக்குப் போனபோது இருவருடைய ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். கடன் பிரிவில் இருந்தவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ தட்டி, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நாங்கள் நினைத்து வைத்திருந்ததைவிட ஒன்றரை மடங்குத் தொகை அதில் இருந்தது. "இவ்வளவு வரைக்கும் தரலாம் சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமூச்சு விட்டுக் கடந்துபோன வீடுகளெல்லாம் சட்டென்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. மனைவி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தவணை போக எங்க கையில எவ்வளவு நிக்கும்னு இது சொல்லுமா?" என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர், மழுப்பவில்லை. "அது உங்க வீட்டுக் கணக்கு மேடம், எங்க கணக்குல வராது" என்றார்.

அன்று இரவு அவள் ஒரு யோசனை சொன்னாள். வீடு வாங்குவதற்கு முன்பே தவணை கட்டிப் பார்ப்போம். வங்கி சொன்ன கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு, இப்போது கொடுக்கும் வாடகை எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்கில் போட்டுவிட வேண்டும். வீடு நம்முடையது என்றால் பராமரிப்பும் வரியும் நம் தலையில்தான் என்பதால் அதற்கும் ஒரு சிறு தொகை சேர்த்தோம்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் மாதம் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, அந்தக் கணக்கிலிருந்தே எடுத்தோம். நான்காம் மாதம் பள்ளிக் கட்டணம். ஐந்தாம் மாதம் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனாலும் 23-ஆம் தேதியே கையில் காசில்லை. எனக்கு உறைத்தது அந்த ஐந்தாம் மாதம்தான். ஆஸ்பத்திரிச் செலவு என்றால் எப்போதோ வருவது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சும்மா இருந்த மாதத்துக்கு என்ன சமாதானம் சொல்வது?

ஒரு கோடு போட்ட நோட்டில் பென்சிலால் அந்தத் தொகையை அடித்துக் குறைத்து எழுதினோம். அப்புறம் மறுபடியும் ஒருமுறை. மூன்றாவதாக எழுதிய தொகைதான் நான்கு மாதம் தொடர்ந்து நின்றது. அதை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால், வங்கி காட்டியதில் மூன்றில் இரண்டு பங்குக் கடன்தான் எங்களால் தாங்க முடியும். அதற்குள் தேடினோம். ஒரு அறை குறைந்தது, வேலைக்குப் போகும் நேரம் 35 நிமிடம் கூடியது. அந்த 35 நிமிடம் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. விற்பவரோடு பேசி முடித்த விலை ஒன்று, வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து எழுதிய மதிப்பு அதைவிடக் குறைவு. இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி கடன் கொடுக்கும். இடையில் விழுந்த பள்ளத்தைக் கையிலிருந்துதான் நிரப்ப வேண்டும். பதிவுச் செலவு தனி. சோதனைக்காகச் சேர்த்த பணம் இல்லாவிட்டால் கொடுத்த முன்பணத்தோடு அங்கேயே நின்றிருப்போம்.

மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்

தவணை போகக் கையில் எவ்வளவு நிற்கும் என்ற கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. திரையில் காட்டிய முழுத் தொகையையும் வாங்கினோம். 7 சதவீதம், 20 வருடம், மாறும் வட்டி. அப்போது எனக்கு 35 வயது. 55-இல் முடிந்துவிடும், ஓய்வுக்கு முன்பே வீடு நம்முடையது என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து வட்டி ஏறி 9 சதவீதம் ஆயிற்று. கணக்கிலிருந்து போகும் தவணை மட்டும் மாறவே இல்லை. அதனால் நமக்குப் பாதிப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் வருமான வரிக்காகக் கடன் அறிக்கையை இறக்கிப் பார்த்தபோது கடைசிப் பக்கத்தில் முடியும் தேதி கண்ணில் பட்டது. இன்னும் 18 வருடம் இருக்க வேண்டியது 28 வருடம் ஆகியிருந்தது. 55 வயதில் முடிய வேண்டிய கடன் 65-க்குப் போய்விட்டது. தப்பாக அச்சாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வாங்கிய கடன் 100 என்றால், இரண்டு வருடம் விடாமல் கட்டிய பிறகும் 95 பாக்கி. 7 சதவீதத்தில் கட்டும்போது தவணையில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பங்கு வட்டிக்குப் போகும், 28 பங்கு அசலில் கழியும். 9 சதவீதம் ஆனதும் அதே தவணையில் 92 பங்கு வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது வெறும் 8 பங்கு. வட்டி ஏறியது 2 சதவீதம்தானே என்று பார்க்கிறோம். அசலுக்குப் போகிற அந்த மெல்லிய துண்டைத்தான் அது தின்கிறது.

கிளைக்குப் போய் விசாரித்தேன். பழையபடி 18 வருடத்தில் முடிக்கத் தவணையை 15 சதவீதம் கூட்ட வேண்டும் என்றார்கள். முழுக் கடனையும் இழுத்துவிட்டிருந்த எங்களுக்கு அவ்வளவு இடம் இல்லை. 8 சதவீதம் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதற்கே 28 வருடம் 21 வருடம் சொச்சமாக இறங்கியது. எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் யாரும் கூப்பிட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாறும் வட்டியில் கடன் வாங்கியிருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே முடியும் தேதியைப் பாருங்கள்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வாடகைக்கே இருப்பவர்

வாங்காதவர்களும் எழுதலாம் என்றதால் எழுதுகிறேன். நாங்கள் 12 வருடமாக வாடகைக்குத்தான் இருக்கிறோம், கணக்குப் போட்டு எடுத்த முடிவு இது. நாங்கள் இருக்கும் வீட்டை அப்படியே வாங்கினால் விலை ஒரு வருட வாடகையைப்போல் 40 மடங்கு. அதாவது வாடகை, விலையில் இரண்டரை சதவீதம். கடன் வட்டி அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். எங்கள் வருமானத்துக்கு அது ஒத்து வரவில்லை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. தவணை கட்டாததால் மிச்சமாகும் பணத்தை மாதம் பிறந்ததும் எடுத்து வைக்க வேண்டும். முதல் மூன்று வருடம் நாங்கள் அதைச் செய்யவில்லை. பணம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வீட்டுக்கடன் கட்டியவர்களுக்கு அந்த மூன்று வருடத்தில் கொஞ்சமாவது அசல் குறைந்திருக்கும். வாடகை லாபம் என்று சொல்கிறவர்கள் இதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

மனக்கஷ்டத்தையும் மறைக்க விரும்பவில்லை. இதுவரை நான்கு வீடு மாறியாயிற்று. மூன்றாவது வீட்டைக் காலி செய்த அன்று வீட்டுக்காரர் டார்ச் அடித்துச் சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளை எண்ணினார். பதினொன்று. அதில் ஐந்து நாங்கள் குடிவரும்போதே இருந்தவை. என் மகன் பக்கத்தில் நின்று அவரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் குடிபோகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுகிறேன்.

30 சதவீதம் பற்றி ஒரு சிறு குறிப்பு

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு இருந்தால் போதும் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் தொடங்கினேன். அந்த எண் பரவலானது அமெரிக்க அரசுக் குடியிருப்புகளின் வாடகை விதியிலிருந்து. 1969-இல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த சட்டத் திருத்தம், அங்கே குடியிருக்கும் ஏழைகளிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்றது. 1981-இல் அது 30 ஆயிற்று. வாடகைக்காரரைக் காப்பாற்ற வந்த உச்சவரம்பு அது. இருபது வருடக் கடனுக்கு நாம் அதை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் தனியாக இருப்பவருக்கும் 30 எப்படி ஒன்றாகும்? முதல் பதிவில் சொன்ன மாதிரி கட்டிப் பார்ப்பதுதான் சரி.

அக்காவோடு சேர்ந்து வாங்கியவர்

தனியாக வாங்க எனக்கும் வழியில்லை, அக்காவுக்கும் வழியில்லை. சேர்ந்து வாங்கினோம். உறவுக்காரர்கள் எல்லோரும் எச்சரித்தார்கள். நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஒருவர்மேல் ஒருவருக்கு முழு நம்பிக்கை இருந்த நாளிலேயே வக்கீலிடம் போய் உட்கார்ந்து எழுதி வைத்ததுதான். யார் எவ்வளவு போட்டோமோ அந்த விகிதத்தில் பங்கு. ஒருவர் விலக நினைத்தால் மற்றவருக்கு ஆறு மாத அவகாசம், வாங்கும் முதல் உரிமையும் அவருக்கே. விலைக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள், இருவரும் சொல்வதன் சராசரி. ஒருவர் தவணை கட்ட முடியாமல் போனால் மற்றவர் கட்டுவது கடனாகக் கணக்கில் ஏறும்.

கையெழுத்துப் போடும்போது அக்கா, "நம்ம ரெண்டு பேருக்குள்ள இதெல்லாம் தேவையாடா?" என்று கண் கலங்கினாள். ஐந்து வருடம் கழித்து அத்தானுக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றம். அந்தக் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தோம். நாற்பது நிமிடத்தில் பேசி முடித்துவிட்டோம். அவள் பங்கை நான் வாங்க எடுத்துக்கொண்டது நான்கு மாதம். வங்கியில் கடனை என் ஒருவன் பெயருக்கு மாற்றுவதில்தான் இழுபறி, அதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அக்கா இப்போதும் விடுமுறைக்கு வந்தால் அவளுடைய பழைய அறையில்தான் தூங்குகிறாள்.

ஒரு கேள்வி

முதல் பதிவு போட்டவருக்கு: வீடு வாங்கிய பிறகு அந்தச் சோதனைக் கணக்கை மூடிவிட்டீர்களா?

தொடக்கப் பதிவு எழுதியவர்

மூடவில்லை. எங்கள் கடன் 9 சதவீதம், 20 வருடம். அசலில் பாதி கழிவதற்கே 14 வருடம் ஆகும் என்று தெரிந்தபோது மனைவி அந்த நோட்டை மறுபடி எடுத்தாள். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் 20 வருடம் பதினாறரை வருடமாகக் குறைகிறது. அதற்காக மாதாமாதம் தவணையில் பன்னிரண்டில் ஒரு பங்கை அந்தக் கணக்கில் போட்டு வருகிறோம்.

முதல் வருடம் கட்டினோம். இரண்டாம் வருடம் குளியலறைத் தரைக்கு அடியில் நீர்க்கசிவு, கீழ் வீட்டுக் கூரையில் தட்டு அளவுக்கு ஈரம். தரையை உடைத்துக் குழாய் மாற்ற அந்தப் பணம்தான் போயிற்று. இந்த வருடம் மறுபடி கட்டப் போகிறோம். நோட்டில் இதுவரை ஏழு மாதத்துக்கு டிக் போட்டிருக்கிறாள்.