பெரிய வீட்டுச் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

செல்வி சித்தி: 📷 ஆதி பிறந்தநாளுக்கு இதுதான் வேண்டுமாம். பெயர் இகுவானாவாம். வாங்கலாமா?

பாட்டி: உடும்பையா வீட்டுக்குள் விடப் போகிறாய்?

வித்யா: சித்தி, கொஞ்சம் பொறுங்கள். தொட்டிக்குள் எரிவது சாதாரண மஞ்சள் பல்புதானே?

செல்வி சித்தி: ஆமாம். சூடாகத்தான் இருந்தது.

வித்யா: சூடு மட்டும் போதாது. யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு இல்லாவிட்டால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேராது. எலும்பு வளைந்து, தாடை ரப்பர் மாதிரி ஆகிவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார்கள், வாயைக்கூட மூட முடியவில்லை. இந்தப் படத்திலேயே கீழ்த்தாடை வீங்கின மாதிரி இருக்கிறது. தட்டில் கீரையும் இல்லை, தக்காளித் துண்டுதான். வளர்ந்தால் வாலோடு 5 அடி வரும், எங்கே வைப்பீர்கள்?

ராமு மாமா: கடையில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள் அம்மா. நானே பார்த்தேன். நல்ல கடை.

வித்யா: அது 2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கொடுப்பது மாமா. அதில் பெயர் சொல்லியிருப்பது நாய், பூனை, முயல், கினி பிக், ஹாம்ஸ்டர், எலி வகை, கூண்டுப் பறவைகள். ஊர்வன அந்தப் பட்டியலிலேயே இல்லை. இகுவானா வைத்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். சித்தி, பதிவு எண் கேட்டீர்களா?

செல்வி சித்தி: கேட்டேன். வாங்கிப் போய் ஆறு மாதத்துக்குள் பதிந்தால் போதும் என்றார்.

வித்யா: ஆறு மாதம் என்பது 2024 பிப்ரவரியில் இந்தப் பதிவு விதி வந்தபோது ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு. இப்போது கைக்கு வந்து 30 நாள்தான். முதலில் அவர் பெயரில் பதிவு இருந்தால்தானே உங்களுக்கு மாற்றித் தர முடியும்!

ஆதி: அக்கா, அப்போ அது பாவம் இல்லையா? நாம் வாங்கிக் காப்பாற்றலாமே?

வித்யா: அந்த இடத்தில் அடுத்த வாரம் இன்னொன்றை வைப்பார்கள்டா. போலீசில் சொன்னாலும், 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஒரு டீ, வடைக் காசு.

வித்யா: சித்தி, படத்தில் கீழே இடது மூலை. பிளாஸ்டிக் கூடைக்குள் மஞ்சள் கோடு போட்ட ஓடு தெரிகிறதே?

செல்வி சித்தி: ஆமைக்குட்டிகள். நாலைந்து இருந்தன.

வித்யா: அது நட்சத்திர ஆமை! நம் ஊர்க் காட்டு விலங்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணை. விற்றாலும் குற்றம், வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். 3 முதல் 7 வருடம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இதற்கு 50 ரூபாயோடு தப்ப முடியாது. படத்தை வெட்டாமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள், வனத்துறைக்குக் கொடுக்கிறேன்.

பாட்டி: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அப்போதே சொன்னேன். யார் கேட்டீர்கள்?

ராமு மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா: மாமா, நீக்குவதற்குள் படித்துவிட்டேன். மொட்டைமாடித் தொட்டியில் இருப்பதும் அந்தக் கடையில் வாங்கியதா?

செல்வி சித்தி: எந்தத் தொட்டி?? அண்ணா?