குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்

பெரியப்பா: செல்வி, அமெரிக்க அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் காணொளி வந்தது. அங்கே எப்போதுமே இப்படித்தானா அம்மா?

செல்வி: இல்லை பெரியப்பா. 1964-இல் கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைச் சட்டம் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வந்தபோது, தெற்கு மாநில உறுப்பினர்கள் மாதக்கணக்கில் பேசிப் பேசியே முடக்கினார்கள். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக, 100 உறுப்பினர்களில் 67 பேரின் வாக்குகள் வேண்டும்.

முரளி: தெற்கே யார் கட்சி?

செல்வி: பெரும்பாலும் ஆளும் ஜனநாயகக் கட்சியேதான்! அதனால் குடியரசுக் கட்சியின் கை தேவைப்பட்டது. மசோதாவை நடத்திச் சென்றவர் எங்கள் மினசோட்டாவின் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி. எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டிர்க்சன் பிடிகொடுக்காத நேரத்திலேயே ஹம்ஃப்ரி அவரைத் தொலைக்காட்சியில் பாராட்டினார். டிர்க்சனின் அலுவலகத்துக்கே போய்ப் பேசினார், அவர் கேட்ட திருத்தங்களை ஏற்றார். பெயர் அவருக்குப் போகட்டும், சட்டம் வரட்டும் என்று இருந்தார். ஜூன் 10 அன்று விவாதத்தை முடிக்க 71 வாக்குகள் விழுந்தன. அதில் குடியரசுக் கட்சியுடையவை 27. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்ந்துவிடும்.

சுமதி அத்தை: விட்டுக்கொடுத்ததற்கு என்ன விலை என்பதையும் சொல். வேலையில் பாகுபாட்டை விசாரிக்கும் ஆணையத்துக்குத் தானே வழக்குத் தொடரும் அதிகாரம் 1972-இல்தான் கிடைத்தது. அதுவரை பாதிக்கப்பட்டவர்தான் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. இன்னொன்று, மசோதாவை எதிர்த்த தெற்கு உறுப்பினர்களை வழிநடத்திய ரிச்சர்ட் ரஸ்ஸலும் பழக மிகக் கண்ணியமானவர்தான். அந்தக் கண்ணியம் கறுப்பின மக்களுக்கு என்ன செய்தது?

செல்வி: நியாயம், அத்தை. இனிமையாகப் பேசுவதை மட்டும் நான் பெரிதாகச் சொல்லவில்லை. 1963-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில், உரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய கறுப்பினப் பிள்ளைகள்மீது காவலர்கள் நாய்களை ஏவியதை நாடு பார்த்தது. தெருவில் அவர்கள் நின்றிராவிட்டால் செனட் அசைந்திருக்காது. ஆனால் அந்தக் கோபத்தைச் சட்டமாக்க, மாற்றுக் கட்சிக்காரரை மதித்து உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டியிருந்தது.

சுமதி அத்தை: அதை ஏற்கிறேன்.

முரளி: அக்கா, வாக்கெடுப்புக்குச் சக்கர நாற்காலியில் வந்த உறுப்பினர் யார்?

செல்வி: கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கல். மூளைக் கட்டியால் பேச்சு போய்விட்டது. ஆதரவு என்பதைத் தன் கண்ணைத் தொட்டுக் காட்டித் தெரிவித்தார். அடுத்த மாதமே இறந்துவிட்டார்.

பெரியப்பா: இப்போதும் 67 வேண்டுமா?

செல்வி: 1975-இல் பெரும்பாலானவற்றுக்கு 60 ஆக்கினார்கள். ஒரே கட்சிக்கு அந்த 60 கிடைப்பது அரிது. ஏச்சைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான், பெரியப்பா. ஏசப்படுகிறவரின் வாக்கும் ஒருநாள் வேண்டியிருக்கும்.

பெரியப்பா: ஹம்ஃப்ரியைப் பற்றி இன்னும் எழுது. பெரியம்மாவுக்கும் படித்துக் காட்டுகிறேன்.